பெட்டியைப் பூட்டுவதற்கு முன்



பிழைப்பிற்காகச் சொந்த ஊரை விட்டு வந்து, மும்பையிலும் புனேயிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் குடியிருக்கிற நம்முடைய குடும்பங்களில் பயணப் பெட்டிக்கு ஒரு தனி இடம் உண்டு. வருஷத்தில் பதினொரு மாதம் அது கட்டிலுக்கு அடியிலோ பரண்மேலோ கிடக்கும். மே மாத விடுமுறை நெருங்கும்போது தூசி தட்டிக் கீழே இறக்கப்படும். தாயாருக்கு ஒரு சேலை, தகப்பனாருக்கு ஒரு சால்வை, தங்கை பிள்ளைகளுக்கு உடுப்பு என்று ஒவ்வொன்றாக அதற்குள் போகும். அந்தப் பெட்டியில் இருப்பது துணிமணி மாத்திரமல்ல. ஒரு வருஷத்து உழைப்பும், ஒரு வருஷத்து ஏக்கமும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

முன்னாட்களில் நாம் இரயிலில்தான் போனோம். இருக்கையின் அடியிலுள்ள இரும்பு வளையத்தில் சங்கிலியைக் கோத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டு, சாவியைக் கழுத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு படுப்போம். நடுராத்திரியில் ஏதாவது ஒரு நிலையத்தில் வண்டி நின்றால், உறக்கத்திலேயே காலை நீட்டிப் பெட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம். இன்றோ துக்க வீட்டிற்கும் கல்யாண வீட்டிற்கும் மருத்துவமனைக்கும் விமானத்தில் விரைந்து போகிற காலம் வந்துவிட்டது. விமானத்திலே பெட்டியைக் காலால் தொட்டுப் பார்க்க முடியாது. கவுன்டரில் எடைபோட்டு, ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, பெல்ட்டின்மேல் தள்ளிவிடுகிறார்கள். அதன்பின் இறங்கும் ஊரில் மறுபடியும் நம் கண்ணில் படும் வரைக்கும் அது நாம் அறியாத கைகளில் இருக்கிறது.

ஆகவேதான் சபையிலே பலர் என்னிடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்: "பாஸ்டர், செக்-இன் செய்கிற பெட்டியைப் பூட்ட வேண்டுமா? பூட்டினாலும் உடைப்பார்களாமே?" சிலர், "ஜெபித்து ஒப்புக்கொடுத்துவிட்டோம், பூட்டு எதற்கு?" என்கிறார்கள். வேறு சிலர் இரண்டு பூட்டுப் போட்டு, மேலே கயிறும் கட்டி, அப்படியும் பயணம் முழுவதும் கலங்கிக்கொண்டே போகிறார்கள். இந்த இரு சாராருக்கும் வேதத்தில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

ஜெபித்தவர் எடைபோட்டார்

வேதபாரகனாகிய எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புறப்பட்ட பயணத்தை எட்டாம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். வழியிலே பதிவிருக்கும் சத்துருக்கள். அவரோடு போனதோ ஆலயத்திற்கென்று கொடுக்கப்பட்ட காணிக்கை: அறுநூற்றைம்பது தாலந்து வெள்ளி, நூறு தாலந்து பொன், இவையன்றிப் பணிமுட்டுகளும் கிண்ணங்களும். ராஜாவினிடத்தில் சேவகரையும் குதிரைவீரரையும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் தேவனுடைய கரம் தம்மைத் தேடுகிறவர்கள்மேல் நன்மைக்காக இருக்கிறது என்று ராஜாவுக்கு முன்பாகச் சாட்சி சொல்லியிருந்தபடியால், காவலரைக் கேட்க வெட்கப்பட்டார். அகாவா நதியண்டையில் உபவாசம் கூறி ஜெபித்தார்.

இதுவரை நாம் எல்லாரும் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதற்கு அடுத்த வசனங்களை மாத்திரம் அவசரமாகக் கடந்துபோகிறோம். உபவாசித்து எழுந்த எஸ்றா முதலாவது செய்த காரியம் என்ன? ஆசாரியரின் தலைவரில் பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து, பொன்னையும் வெள்ளியையும் அவர்கள் கையில் எடைபோட்டுக் கொடுத்தார். எருசலேமில் மறுபடியும் எடைபோட்டு ஒப்புவிக்கும் வரைக்கும் விழிப்பாயிருந்து காக்கும்படி கட்டளையிட்டார். அவர்கள் போய்ச் சேர்ந்து, மூன்று நாள் இளைப்பாறி, நான்காம் நாளிலே எல்லாவற்றையும் எண்ணி, எடைபோட்டு, நிறையை எழுதியும் வைத்தார்கள்.

பார்த்தீர்களா? ஜெபம் பண்ணினபடியினாலே எடைபோடாமல் விடவில்லை. எடைபோட்டபடியினாலே ஜெபத்தை விடவுமில்லை. என்ன கொண்டுபோகிறோம், எவ்வளவு கொண்டுபோகிறோம், யார் கையில் இருக்கிறது, போய்ச் சேர்ந்ததும் சரியாக இருக்கிறதா என்ற நான்கு காரியங்களையும் அவர் அறிந்திருந்தார். கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளனுடைய விழிப்பு விருதா என்று கற்பிக்கிற நூற்றிருபத்தேழாம் சங்கீதம், காவலாளனை உறங்கப் போகும்படி சொல்லவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்டியைப் பூட்டுவது அவிசுவாசம் அல்ல. அதே வேளையில், பூட்டின்மேல் முழு நம்பிக்கையும் வைப்பது ஞானமும் அல்ல.

பூட்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது

நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஜிப் வைத்த பெட்டி. ஜிப்பின் இரண்டு இழுப்பான்களையும் சேர்த்து ஒரு சிறிய பூட்டைப் போடுகிறோம். பூட்டு எவ்வளவு உறுதியாயிருந்தாலும் ஜிப்பின் பற்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல. ஒரு சாதாரணப் பேனாவின் முனையை அந்தப் பற்களுக்கு நடுவே அழுத்தினால் ஜிப் பிளந்துவிடும். பூட்டிய இழுப்பான்களை முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டினால் மறுபடியும் மூடிக்கொள்ளும். திறந்த அடையாளமே தெரியாது. ஜிப் இல்லாமல் கொக்கிகளால் மூடும் கெட்டியான பெட்டிகள் இந்த விஷயத்தில் மேலானவை.

அப்படியானால் பூட்டு வீணா? வீணல்ல. பெல்ட்டிலும் வண்டியிலும் பெட்டிகள் புரண்டு விழும்போது ஜிப் தானாகத் திறந்து சாமான் சிதறாமல் அது காக்கிறது. போகிற போக்கில் கையை விட்டுத் துழாவ நினைக்கிறவனைத் தடுக்கிறது. அதற்கு மேல் அதனிடத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

பூட்டோடுகூட, ஒருமுறை இறுக்கினால் வெட்டித்தான் எடுக்கவேண்டிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றையும் போடுவது நல்லது. மின்சாரக் கடைகளில் கேபிள் டை என்று கேட்டால் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அது திருடனைத் தடுக்காது. ஆனால் யாராவது திறந்திருந்தால் உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். சிங்கக் கெபியின் வாசலில் வைத்த கல்லின்மேல் தரியு ராஜா முத்திரை போட்டதும் கல்லுக்குப் பலம் சேர்ப்பதற்காக அல்ல, யாரும் கைவைக்கவில்லை என்பது தெரியவேண்டும் என்பதற்காகவே. பட்டையை வெட்டுவதற்குச் சிறிய கத்தரிக்கோல் ஒன்றைப் பெட்டியின் வெளிப்பக்கப் பையில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும்.

பூட்டை அதிகாரிகள் உடைப்பார்களா என்ற கேள்விக்கு வருவோம். செக்-இன் பெட்டிகள் எக்ஸ்ரே இயந்திரத்தின் வழியாகப் போகின்றன. சந்தேகமான பொருள் தெரிந்தால், நம் நாட்டு விமான நிலையங்களில் பொதுவாகப் பயணியையே அழைத்துத் திறக்கச் சொல்கிறார்கள். அழைப்புக்குப் போகாவிட்டால் பெட்டி விமானத்தில் ஏறாமல் நின்றுவிடக்கூடும். ஆகவே பெட்டியைக் கொடுத்தவுடனே கைபேசியை அணைத்துவிடாதிருங்கள், அறிவிப்புக்குக் காதுகொடுங்கள். சாவியை உங்களிடத்திலேயே வைத்திருங்கள். சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிட்டுத் தவிப்பவர்களும் உண்டு.

அப்படி அழைக்கப்படுவதற்கு முக்கிய காரணம் பவர் பேங்க். லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது. விமானத்தின் அடியிலே தீப்பற்றினால் அணைக்க அங்கே ஆள் இல்லை. ஆகையால் பவர் பேங்க்கும் தனிப் பேட்டரிகளும் கைப்பையில்தான் போகவேண்டும். தீப்பெட்டியும் லைட்டரும் கூடாது. நம்மவர்கள் ஊரிலிருந்து எண்ணெய்க்காகவும் சமையலுக்காகவும் கொண்டுவருகிற கொப்பரைத் தேங்காயும் செக்-இன் பெட்டியில் தடை செய்யப்பட்டது. அதிலுள்ள எண்ணெய்ப்பசையால் கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வரிசையில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப்பின் அந்த வருஷம் நவம்பரில் அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டு, எல்லாப் பெட்டிகளையும் சோதிக்கும் வழக்கம் வந்தது. அங்கே பயணியை அழைக்காமலேயே திறந்து பார்ப்பார்கள். பார்த்தோம் என்று ஒரு துண்டுச்சீட்டை உள்ளே வைப்பார்கள். அவர்களிடமுள்ள பொதுச்சாவியால் திறக்கக்கூடிய, சிவப்பு வைரக்குறி போட்ட டி.எஸ்.ஏ. பூட்டுகள் 2003 முதல் விற்கப்படுகின்றன. வேறு பூட்டுகளை வெட்டக்கூடும். அதற்கு ஈடு கிடைக்காது. 2014-ல் ஒரு நாளேட்டில் வெளியான படத்தில் அந்தப் பொதுச்சாவிகள் தெளிவாகத் தெரிந்துவிட்டன. அடுத்த வருஷமே, அவற்றைப் போலச் சாவி செய்யும் மாதிரிகள் இணையத்தில் பரவின. மனுஷன் செய்த பூட்டின் பலம் இவ்வளவுதான்.

பூட்டுக்கு ஒப்புவிக்கக் கூடாதவை

ஆகவே, பெட்டிக்கு எந்தப் பூட்டு என்று விசாரிப்பதற்கு முன்னே, அதற்குள் எதை வைக்கலாகாது என்று தீர்மானியுங்கள். பாதுகாப்பின் பெரும்பகுதி இந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது.

நான் அறிந்த ஒரு சகோதரி, மகளுடைய கல்லூரிச் சேர்க்கைக்காக ஊருக்குப் புறப்பட்டார். அசல் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் கசங்காதபடி சேலைகளுக்கு நடுவில் வைத்து, நல்ல எண் பூட்டுப் போட்டு, பெட்டியைக் கொடுத்துவிட்டார். இடையில் விமானம் மாறவேண்டிய பயணம். அவர்கள் போய் இறங்கினார்கள், பெட்டி இறங்கவில்லை. கலந்தாய்வோ மறுநாள் காலை. அந்தத் தாயும் மகளும் ஓர் இரவு முழுவதும் அழுது ஜெபித்தார்கள். கர்த்தர் இரங்கினார், நகல்களை ஏற்றுக்கொண்டு அசலுக்குத் தவணை கொடுத்தார்கள். பெட்டி மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்தது. எண் பூட்டு போட்டது போட்டபடியே இருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. திருடனிடமிருந்து காக்கும் பூட்டால், வேறு ஊருக்குப் போய்விட்ட பெட்டியை உரிய நேரத்தில் கொண்டுவர முடியவில்லை.

உண்மையில் திருட்டைவிடத் தாமதமே அதிகம். விமான நிலையங்களின் பெட்டித் தகவல்களைத் தொகுக்கும் சிட்டா நிறுவனத்தின் கணக்குப்படி, 2007-ல் உலகெங்கும் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தவறிப்போயின. 2024-ல் அது 6.3 ஆகக் குறைந்தது. அவற்றில் பெரும்பாலானவை களவுபோனவை அல்ல. பின்னால் வந்து சேர்ந்தவை. ஆகவே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: "இந்தப் பெட்டி மூன்று நாள் கழித்து வந்தால் என்னால் தாங்க முடியுமா?" தாங்க முடியாத பொருள் எதுவோ, அது உங்கள் கையோடு வரவேண்டும்.

அசல் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், ஆஸ்பத்திரிக் குறிப்புகள், அன்றாட மருந்துகள், ரொக்கம் ஆகியவை கைப்பைக்குரியவை. இன்சுலின் போடுகிறவர்கள் அதை மருத்துவர் சீட்டோடு கையில்தான் கொண்டுபோக வேண்டும்; கீழே உள்ள குளிரில் அது உறைந்து கெட்டுப்போகக்கூடும். நம்மில் பலர் பொன் அணிவதில்லை. ஆனாலும் உறவினருக்காகவோ அடகு மீட்டோ நகை கொண்டுபோகும் அவசியம் வரலாம். பணம், நகை, பத்திரம் ஆகியவற்றைச் செக்-இன் பெட்டியில் வைத்தால் பொறுப்பேற்கமாட்டோம் என்று விமான நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. இன்னொன்று: விமானம் நிரம்பிவிட்டால் கடைசி நேரத்தில் உங்கள் கைப்பெட்டியையும் வாங்கிக் கீழே போடுவார்கள். அப்போது மருந்தையும் பத்திரத்தையும் பவர் பேங்க்கையும் வெளியே எடுத்துக்கொண்டு கொடுங்கள். அவற்றை ஒரே சிறு பைக்குள் வைத்திருந்தால் இது நொடியில் முடியும்.

சபைக் காணிக்கையைக் குறித்து விசேஷமாகச் சொல்ல வேண்டும். ஊரிலே கட்டப்படும் ஆலயத்திற்காக இங்கே சேர்த்த பணத்தை, "நீங்கள்தான் போகிறீர்களே" என்று ஒரு சகோதரன் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் இன்னும் சில சபைகளில் இருக்கிறது. எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோன பவுல் அப்போஸ்தலன், தம்மை ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்குச் சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட துணைவர்களையும் கூட்டிச்சென்றார் (2 கொரிந்தியர் 8). கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய அவர் கவனமாயிருந்தார். இன்று வங்கியின் வழியாக அனுப்பிவிடலாமே! அந்தச் சகோதரனுடைய பெட்டி தொலைந்தால் பணம் மாத்திரமா போகும்? அவருடைய நற்பெயரும் அதோடு போய்விடும். ஒரு விசுவாசியை அந்த ஆபத்தில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

பென்யமீனின் சாக்கு

இதுவரை பெட்டியிலிருந்து எடுக்கப்படுவதைப் பற்றியே பேசினோம். பெட்டிக்குள் வைக்கப்படுவதோ அதைவிடப் பெரிய ஆபத்து.

யோசேப்பின் சகோதரர் தானியம் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சாக்குகள் கட்டப்பட்டிருந்தன. தங்கள்மேல் குற்றமில்லை என்று அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம். ஆகவே யாரிடத்தில் பாத்திரம் அகப்படுமோ அவன் சாகட்டும் என்று துணிந்து சொன்னார்கள். மூத்தவன் தொடங்கி இளையவன் வரைக்கும் சோதித்தபோது, வெள்ளிப்பாத்திரம் பென்யமீனின் சாக்கில் இருந்தது. அவன் திருடவில்லை, அது அங்கே இருந்ததையும் அறியான். ஆனாலும் அது அவன் சாக்கிலே இருந்தது. அங்கே பாத்திரத்தை வைத்தவன் அவனை நேசித்த சொந்தச் சகோதரன். நம் நாட்களில் வைக்கிறவர்கள் எல்லாரும் யோசேப்புகள் அல்ல.

2019-ல் மும்பையிலிருந்து கத்தாருக்குப் போன ஓர் இளம் தம்பதியரின் பெட்டியில், உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்திலே நான்கு கிலோவுக்கு மேல் ஹாஷிஷ் போதைப்பொருள் இருந்தது. இன்னாருக்குச் சேர்க்கவேண்டிய பொருள் என்று நம்பி வாங்கிப்போனவர்கள் தோஹா விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். பத்து வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி. குழந்தை சிறையிலே பிறந்தது. இங்கே விசாரணை நடந்து, அவர்கள் அறியாமல் அகப்பட்டவர்கள் என்பது நிலைநிறுத்தப்பட்டு, 2021-ல்தான் வீடு திரும்பினார்கள். நம் நாட்டின் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும், பொருள் ஒருவர் வசம் இருந்தால் அவர் அறிந்தே வைத்திருந்தார் என்றுதான் முதலில் கொள்ளப்படும். அறியேன் என்பதை நிரூபிக்கும் பாரம் அவர்மேலேயே விழும்.

போதைப்பொருள்தான் என்றில்லை. நம்முடைய அடுப்படியில் குருமாவுக்கு அரைக்கிற கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் தடைசெய்யப்பட்ட பொருள். அது அபின் செடியின் விதை என்பதே காரணம். ஒரு தாய் தன் மகனுக்கு மசாலா பொட்டலத்தோடு அன்பாக வைத்து அனுப்புவது, அவனைக் காவல் நிலையத்தில் நிறுத்தக்கூடும்.

இதை எழுதும்போது என் மனம் சற்றுத் தயங்குகிறது. பொட்டலம் கொடுத்தனுப்புவது நம்முடைய ஜனங்களுக்குள்ளே அன்பின் பாஷை அல்லவா? ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று ஆராதனை முடிவில் அறிவித்தால் போதும். அன்று மாலையே ஒருவர் மருந்தோடும், ஒருவர் பேரப்பிள்ளையின் உடுப்போடும் வந்து நிற்பார்கள். திரும்பிவரும்போது கருப்பட்டியும் முறுக்கும் கருவாடும் வந்து சேரும். தூரதேசத்தில் நம் சபைகளைக் கட்டி வைத்திருக்கும் கயிறுகளில் இதுவும் ஒன்று. அதை அறுக்கும்படி நான் சொல்லவில்லை. திறந்து கொடுங்கள், திறந்து வாங்குங்கள் என்றே சொல்லுகிறேன்.

கொடுக்கிறவர் பொட்டலத்தை ஒட்டாமலும் தைக்காமலும் கொண்டுவரட்டும். வாங்குகிறவர் முன்னிலையில் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, பிறகு கட்டட்டும். கேட்பதற்குக் கூச்சமாயிருக்கிறது என்கிறீர்களா? கொடுக்கிறவரே முந்திக்கொண்டு, "பிரதர், நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வாரானால் கூச்சத்திற்கு இடமில்லை. இதை ஒரு சபை வழக்கமாகவே ஆக்கிவிடலாம். முன்பின் அறியாதவரின் பொருளை, விமான நிலைய வரிசையில், "எனக்கு எடை கூடிவிட்டது, இதை மாத்திரம் உங்கள் பேரில் போடுங்கள்" என்று கெஞ்சிக் கேட்டாலும் வாங்காதீர்கள். அவருக்கு இரங்குங்கள், அதிக எடைக்குக் கட்டணம் கட்டவும் உதவுங்கள், ஆனால் உங்கள் பெயர் ஒட்டிய பெட்டியில் அவர் பொருள் வேண்டாம். செக்-இன் கவுன்டரில், "உங்கள் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று கேட்கும்போது, பொய்யில்லாமல் "ஆம்" என்று சொல்லக்கூடியவராய் நில்லுங்கள்.

பூட்டின் மற்றொரு பயனும் இங்கே விளங்கும். அது பொருளைக் காப்பது மாத்திரமல்ல. நீங்கள் வைக்காததை வேறொருவர் எளிதில் வைத்துவிடாதபடியும் காக்கிறது. பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுக்கும்போது பூட்டும் பட்டையும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். மாறுதல் தெரிந்தால் வெளியே எடுத்துப் போகாமல், அங்கேயே அதிகாரியை அழைத்து அவர் முன்னிலையில் திறவுங்கள்.

பெட்டி வராவிட்டால்

எல்லாரும் எடுத்துப் போனபின் பெல்ட் வெறுமையாய் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பெட்டியை மாத்திரம் காணோம். அல்லது வந்திருக்கிறது, ஜிப் பிளந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, அந்த மண்டபத்தை விட்டு வெளியே வராதிருங்கள். விமான நிறுவனத்தின் லக்கேஜ் கவுன்டரில் புகாரை எழுத்தில் கொடுத்து, பி.ஐ.ஆர். எனப்படும் அறிக்கையின் நகலை வாங்குங்கள். போர்டிங் பாஸோடு ஒட்டிக் கொடுத்த பத்து இலக்க எண் கொண்ட துண்டுச்சீட்டே உங்கள் பெட்டியின் அடையாளம். பயணம் முடியும் வரை அதை எறியாதீர்கள். பெட்டியை மூடுமுன் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய காகிதம் ஒன்றைப் பெட்டிக்கு உள்ளேயும் வையுங்கள். வெளிச்சீட்டு கிழிந்துபோனால் அதுவே உதவும்.

வெளிநாட்டுப் பயணத்திற்கு 1999-ஆம் வருஷத்து மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. அதன்படி, சேதத்திற்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதத்திற்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 21 நாளாகியும் வராத பெட்டி தொலைந்ததாகவே கொள்ளப்படும். வழக்குத் தொடர இரண்டு வருஷம் அவகாசம். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான ஈட்டின் உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர்.; நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அது எல்லை மாத்திரமே. நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான் கேட்கலாம். உள்நாட்டுப் பயணத்தில் ஈட்டின் வரம்பு 20,000 ரூபாய் என்று 2019-ல் வெளியான பயணிகள் சாசனம் கூறுகிறது. பட்டுச்சேலைகள் அடுக்கிய கல்யாணப் பெட்டிக்கு இது எம்மாத்திரம் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இவ்விடத்தில்தான் நம்முடைய சாட்சி சோதிக்கப்படுகிறது. "உள்ளே என்னென்ன இருந்தது? எழுதுங்கள்" என்று ஒரு படிவத்தை நீட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவர், "இரண்டு பட்டுச்சேலை சேர்த்து எழுதுங்கள், யார் பார்த்தது?" என்பார். பெட்டியைத் தொலைத்த கோபத்தில் அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் இல்லாத சேலையை எழுதுகிற கை, திறந்த பெட்டிக்குள் நுழைந்த கையைவிட எவ்விதத்தில் சுத்தமானது? எஸ்றாவின் ஆசாரியர்கள் நிறைப்படியே ஒப்புவித்தார்கள், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. புறப்படுமுன் ஒரு தாளில் பட்டியல் எழுதி வைத்திருந்தால், உள்ளதை உள்ளபடி எழுத அது துணைநிற்கும். மிகைப்படுத்தும் சோதனைக்கும் அதுவே வேலி.

கவுன்டரில் நிற்கும் அந்த வாலிபப் பிள்ளையிடத்தில் சீறாதிருங்கள். பெட்டியைத் தொலைத்தது அந்தப் பிள்ளை அல்ல. "லோடர்கள் எல்லாரும் திருடர்கள்" என்றும் பேசாதிருங்கள். நடுவெயிலில் தார்த்தளத்தின்மேல் குனிந்து பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவர்களும் நம்மைப் போலப் பிழைப்பிற்காக ஊரை விட்டு வந்தவர்களே. அவர்களில் மிகுதியானவர்கள் நம்முடைய சாமானை ஒருபோதும் தொட்டுக்கூடப் பாராதவர்கள்.

பிரியமானவர்களே, பெட்டி என்றைக்கும் திரும்பி வராமலே போகவும் கூடும். அப்போஸ்தலர் இருபத்தேழாம் அதிகாரத்தில், பவுல் போன கப்பலிலே இருநூற்றெழுபத்தாறு பேர் இருந்தார்கள். சரக்கைக் கடலில் எறிந்தார்கள். கப்பலின் தளவாடங்களையும் எறிந்தார்கள். கடைசியில் கோதுமையையும் எறிந்தார்கள். கப்பலும் உடைந்தது. ஆனால் ஒருவராகிலும் சேதப்படாமல் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். கப்பலைக் குறித்துத் தேவன் வாக்குப்பண்ணவில்லை. ஆத்துமாக்களைக் குறித்தே வாக்குப்பண்ணினார், அதை நிறைவேற்றினார். பவுலோ அதற்காகக் கப்பலில் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. புயலுக்கு முன்னே எச்சரித்தார், புயலின் நடுவிலே எல்லாரையும் சாப்பிடச் சொல்லித் தேற்றினார்.

ஆகையால் இந்த விடுமுறைக்குப் பெட்டியை இறக்கும்போது, குடும்பமாக அதைச் சுற்றி உட்காருங்கள். உள்ளே போவது என்ன என்று எழுதுங்கள். இழக்கக் கூடாததைப் பிரித்துக் கைப்பையில் வையுங்கள். பிறர் பொருளைத் திறந்து பார்த்து வையுங்கள். பூட்டைப் போடுங்கள். அதன்பின் பெட்டியின்மேல் கைவைத்து ஜெபித்து, கர்த்தருடைய கையில் ஒப்புக்கொடுத்துவிட்டு, சமாதானமாய்ப் புறப்படுங்கள். வழிநெடுகிலும் அவர் தாமே உங்களோடிருந்து, உங்களுக்காகக் காத்திருக்கும் முகங்களைச் சந்தோஷத்தோடே காணப்பண்ணுவாராக. ஆமென்.